வரப்புல நிக்கிற மரம் எவ்வளவு கார்பன் பிடிச்சு வச்சிருக்கு? திருநெல்வேலிப் பக்கத்து தோட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

இப்ப கொஞ்ச நாளா நாங்குநேரி, வள்ளியூர், களக்காடுன்னு எந்தப் பக்கம் போனாலும் "அண்ணாச்சி, மரம் வச்சா கார்பன் துட்டு தாறாங்களாமே"ன்னு ஒரு பேச்சு ஓடுது. துட்டு வருமா வராதாங்கறத கடைசில பார்ப்போம். அதுக்கு முன்னால ஒரு சோலி கிடக்கு, நம்ம நிலத்துல நிக்கிற மரத்துலயும் மண்ணுலயும் எவ்வளவு கார்பன் இருக்குன்னு நாமளே அளந்து ஒரு நோட்டுல எழுதிறணும். ஒரு டேப்பு, ஒரு கம்பு, கையில இருக்குற போன், இவ்வளவுதான் சாமான். இத ஒரு தடவ செஞ்சுட்டா பிறகு எவன் லேப்டாப்ப விரிச்சு வச்சுக்கிட்டு என்ன கணக்கு சொன்னாலும் அது நடக்குற கணக்கா இல்ல சும்மா அளக்கானான்னு நமக்கே தெரிஞ்சுரும்.

முதல்ல ரெண்டே ரெண்டு நம்பர மனசுல வச்சுக்கோங்க. மரத்த நல்லா காய வச்சு எடை போட்டா அதுல பாதிக்கு கொஞ்சம் கம்மி கார்பன், கணக்குக்கு 0.47ன்னு எடுப்பாங்க. மரத்துல ஒரு கிலோ கார்பன் இருக்குன்னா காத்துல இருந்து 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு உள்ள போயிருக்குன்னு அர்த்தம், 44-அ 12 ஆல வகுத்தா வர்ற நம்பர் அது. இந்த ரெண்டையும் போட்டு குழப்புறதுலதான் பாதி ஏமாத்து வேலை நடக்கும். ஒருத்தர் "ஏக்கருக்கு பத்து டன்"னு சொன்னா, பத்து டன் கார்பனா, பத்து டன் கார்பன் டை ஆக்சைடான்னு மொதல்ல கேளுங்க, ரெண்டுக்கும் நாலு மடங்கு கிட்ட வித்தியாசம் இருக்கு.

கார்பன் அஞ்சு இடத்துல உக்காந்திருக்கும். தரைக்கு மேல இருக்குற மரம், மண்ணுக்குள்ள வேரு, பட்டுப்போன கட்டை, விழுந்து கிடக்குற சருகு, அப்புறம் மண்ணு. நம்ம பக்கத்து தோட்டத்துல சருகும் பட்ட கட்டையும் நிக்கவே நிக்காது, விறகுக்கு போயிரும், மிச்சத்த ஆடு மேஞ்சுரும். அதனால மரம், வேர், மண்ணு இந்த மூணையும் பார்த்தா போதும்.

நிலத்த துண்டு துண்டா பிரிக்கணும்

மொத்த நிலத்தையும் ஒரே கணக்குல போட்டா ஒன்னும் புரியாது. கன்னடியன் கால்வாய் பாயுற நஞ்சை வரப்பு வேற, கிணத்துப் பாசனத்துல ஏத்தன் வாழை போட்ட தோட்டம் வேற, மானூர்ப் பக்கத்து மானாவாரிப் புஞ்சை வேற, திசையன்விளை தேரி மணல்ல இருக்குற பனை விளை சுத்தமா வேற. ஒரு வெள்ளைத்தாள்ல சர்வே நம்பர போட்டு, எந்தத் துண்டு எத்தனை சென்ட்டு, அதுல என்ன மரம்னு வரைஞ்சுக்கோங்க.

மரம் வரப்புல மட்டும் நின்னா எல்லாத்தையும் அளந்துருங்க, நூறு மரம்னாலும் ஒரு காலைப் பொழுதுதான். தோப்பா அடர்த்தியா நிக்குதுன்னா 20 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டி உள்ள இருக்குறத மட்டும் அளங்க. அது 400 சதுர மீட்டர், பத்து சென்ட்டுக்கு ஒரு துளிதான் கம்மி, அப்ப பத்தால பெருக்குனா ஏக்கர் கணக்கு வந்துரும். இப்படி மூணு நாலு இடத்துல கட்டி சராசரி எடுக்கணும். நல்லா வளந்த மூலைய மட்டும் பார்த்து கயிறு கட்டக்கூடாது, கண்ணு தன்னால அங்கதான் போகும், சீட்டு குலுக்கிப் போட்டு இடம் எடுக்குறது நல்லது.

டேப்பு பிடிக்கிறது

இதுதான் முக்கியமான வேலை, இதுல தப்புனா பின்னால எல்லாமே தப்பும். தரையில இருந்து 1.3 மீட்டர் உயரத்துல மரத்தோட சுற்றளவ எடுக்கணும். ஒரு கம்ப சரியா 1.3 மீட்டருக்கு வெட்டி கையோட வச்சுக்கோங்க, மரத்து மேல சாத்துனா எங்க பிடிக்கணும்னு தெரிஞ்சுரும். நம்ம வனத்துறைக்காரங்க 1.37 மீட்டர்ல, அதாவது நாலரை அடியில எடுப்பாங்க, ரெண்டும் பெரிய வித்தியாசம் வராது, ஆனா ஒரு வருஷம் இது ஒரு வருஷம் அதுன்னு மாத்தக்கூடாது. டைலர் டேப்பு வேண்டாம், துணி இழுக்க இழுக்க நீளும், ஹார்டுவேர் கடையில ஃபைபர் டேப்பு கிடைக்கும் அத வாங்குங்க. (எந்த டேப்ப பிடிச்சாலும் ரோட்டுல போற ஒருத்தர் வண்டிய நிப்பாட்டி "என்ன அண்ணாச்சி, மரத்துக்கு சட்டை தைக்கப் போறியளா"ன்னு கேட்காம போக மாட்டாரு, அது இந்த வேலையோட சேர்ந்தது.)

டேப்ப சுத்துறதுக்கு முன்னால கொடி கிடி படர்ந்திருந்தா விலக்கணும், உரிஞ்சு தொங்குற பட்டைய தட்டி விடணும். டேப்பு முன்னாலயும் பின்னாலயும் ஒரே மட்டமா இருக்கணும், பின்பக்கம் தொய்ஞ்சு கிடந்தா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கூட காட்டும், அதனால இன்னொரு ஆள் பின்னால நின்னு பார்த்தா நல்லது. சாய்ஞ்சு நிக்கிற மரத்துல சாய்ஞ்ச பக்கத்துல இருந்து தண்டோட்டமா 1.3 அளந்து, தண்டுக்கு குறுக்க டேப்பு போடணும். அளக்குற எடத்துல முடிச்சு இருந்தா கொஞ்சம் மேல ஏத்திக்கலாம். 1.3க்கு கீழயே ரெண்டா கவைச்சிருந்தா ரெண்டையும் தனித்தனியா எடுத்து, ஒவ்வொன்னையும் அதாலயே பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். 40 சென்டிமீட்டர் ஒன்னு, 30 ஒன்னுன்னா சேர்த்து 50 சென்டிமீட்டர் மரமா எழுதணும், 70ன்னு எழுதுனா கணக்கு ஊதிப் போயிரும்.

அளந்த இடத்துல பெயின்ட்டால ஒரு கோடு போட்டு நம்பர் எழுதிருங்க. ஆணி அடிக்காதீங்க, பின்னால ரம்பத்துல மாட்டும், மர வியாபாரியும் விலைய குறைப்பாரு. அடுத்த தடவையும் அதே கோட்டுல, அதே மாசத்துல அளக்கணும். மழைக்காலத்துல பட்டை தண்ணி குடிச்சு உப்பி நிக்கும், அதனால பங்குனி, சித்திரை வாக்குல வச்சுக்கிட்டா சரியா இருக்கும்.

உயரத்துக்கு மெஷின் எல்லாம் வேண்டாம். கைய நேரா நீட்டி ஒரு கம்ப செங்குத்தா பிடிங்க, கண்ணுல இருந்து முஷ்டி வரை என்ன நீளமோ, முஷ்டிக்கு மேல தெரியுற கம்பும் அதே நீளம் இருக்கணும். இப்ப மரத்தப் பார்த்துக்கிட்டே பைய பின்னால நடங்க. மரத்தடி முஷ்டிக்கு மேலயும் மரத்து உச்சி கம்பு நுனிலயும் சரியா உக்காரும்போது நின்னுருங்க. நீங்க நிக்கிற எடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்தான் மரத்தோட உயரம். சமதளமா இருக்கணும், பின்னால கிணறு இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

இப்ப ஃபார்முலா

வெட்டாம மரத்தோட எடைய தெரிஞ்சுக்க உலகம் பூரா பயன்படுத்துற சமன்பாடு ஒன்னு இருக்கு, ஜெரோம் சாவ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட சேர்ந்தவங்களும் 2014-ல வெளியிட்டது. 4004 மரங்கள வெட்டி எடை போட்ட விவரத்த வச்சு உண்டாக்குனது. பார்க்க மிரட்டும், போன்ல போட்டா ஒரு நிமிஷ வேலை.

சுற்றளவ 3.14 ஆல வகுத்தா விட்டம், இது சென்டிமீட்டர்ல. உயரம் மீட்டர்ல. அடர்த்திங்கறது அந்த ஜாதி மரத்தோட கனம். தேக்குக்கு 0.55, வேம்புக்கு 0.69, புளிக்கு 0.75, சவுக்குக்கு 0.8, மாவுக்கு 0.52, மலைவேம்புக்கு 0.4ன்னு சுமாரா வச்சுக்கலாம். பேர் தெரியாத மரம்னா 0.6 போடுங்க.

அடர்த்தி × விட்டம் × விட்டம் × உயரம். வர்ற நம்பர 0.976 அடுக்குக்கு ஏத்தி, 0.0673 ஆல பெருக்குனா தரைக்கு மேல இருக்குற காய்ஞ்ச எடை கிலோவுல வந்துரும். போன் கால்குலேட்டர படுக்க வாக்குல திருப்புனா அடுக்கு போடுற பட்டன் தெரியும்.

ஒரு தேக்க எடுத்துப்போம். சுற்றளவு 90 சென்டிமீட்டர், உயரம் 15 மீட்டர். விட்டம் 28.65. நாலையும் பெருக்குனா 6771 கிட்ட வரும், அடுக்கு ஏத்தி பெருக்குனா 369 கிலோ. வேருக்கு கால் பங்கு சேர்க்கணும், 1.26 ஆல பெருக்குனா 465. அதுல 0.47 கார்பன், 218 கிலோ. 3.67 ஆல பெருக்குனா 800 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு தேக்கு, நல்லா தண்ணி பாஞ்சா 20 வருஷம் கிட்ட நின்னு வளந்தது, முக்கால் டன்னுக்கு கொஞ்சம் மேல.

அதே தேக்கு சின்ன வயசுல 30 சென்டிமீட்டர் சுற்றளவு, 7 மீட்டர் உயரம்னு வைங்க. கணக்கு போட்டா 45 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான் வருது. சுற்றளவு மூணு மடங்கு, கார்பன் பதினெட்டு மடங்கு! இந்த எடத்துலதான் நான் சொல்ல வர்ற விஷயமே இருக்கு. வரப்பு ஓரத்துல தாத்தா காலத்து புளி ஒன்னு நிக்குது, சுற்றளவு 240, உயரம் 14 மீட்டர்னா அது ஒன்னே ஏழு டன் கிட்ட கார்பன் டை ஆக்சைடு பிடிச்சு வச்சிருக்கு, அந்த 30 சென்டிமீட்டர் தேக்கு நூத்தம்பது வச்சாத்தான் அதுக்கு ஈடு. "நிழல் விழுது, நெல்லு விளையல"ன்னு அந்தப் புளிய, இலுப்பைய வெட்டிப்புட்டு இலவசமா குடுத்த கன்னு நூற நட்டு போட்டோ எடுத்துப் போடுறது இருக்கு பாருங்க, அதுல கார்பன் கணக்கு பல வருஷத்துக்கு நஷ்டத்துலதான் ஓடும், அதுவும் அந்த நூறும் ஆட்டு வாய்க்கு தப்பி வளந்தாத்தான். நிழல் பிரச்சனைன்னா கீழ்க்கிளைய கழிச்சு விடுங்க, வயல் பக்கமா ஒரு சால் ஆழமா இழுத்து வேர அறுத்து விடுங்க, பாதி தொல்லை குறையும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிறணும். அந்த சமன்பாடு காட்டு மரத்த வச்சு வந்தது. நாம வருஷா வருஷம் தழைக்கு மொட்டை அடிக்கிற வேம்புக்கு அது அதிகமா காட்டும். ஒத்தை மரத்துல நல்லாவே தப்பும், நூறு மரத்த கூட்டும்போது ஓரளவு நேராகும். அதனால "என் புளி 6.879 டன்"னு சொல்லிக்கிட்டு திரியாதீங்க, ஏழு டன் கிட்டன்னு சொன்னா போதும்.

பனைக்கும் தென்னைக்கும் இந்தக் கணக்கு செல்லாது. தேக்கு, வேம்பு எல்லாம் வருஷா வருஷம் தடிக்கும், பனை அப்படி இல்ல, தண்டு மேல கிளம்புன பிறகு அதோட பருமன் அப்படியே நிக்கும், உயரம்தான் கூடும். அதுக்கு டேப்பு பிடிச்சு ஒரு புண்ணியமும் கிடையாது. பனைய தனிப் பக்கத்துல எண்ணிக்கையும் உயரமும் மட்டும் எழுதுங்க. கார்பன்ல சேர்க்கலைன்னாலும் ராதாபுரம் பக்கத்து தேரியில அது செய்யுற வேலைய வேற எந்த மரமும் செய்யாது, மணலையும் பிடிக்கும் காத்தையும் தடுக்கும். வாழைய எழுதவே வேண்டாம், தார் வெட்டுன கையோட எல்லாம் மக்கி காத்துக்கே திரும்பிரும்.

மண்ணுல என்ன இருக்கு

மண் வள அட்டையில அங்கக கார்பன்னு ஒரு சதவீதம் போட்டிருக்கும், அத எடுத்துக்கோங்க. அந்த சதவீதம் × மண்ணோட அடர்த்தி × ஆழம் சென்டிமீட்டர்ல, பெருக்குனா ஹெக்டேருக்கு இத்தனை டன் கார்பன்னு வரும். 0.4 சதவீதம், அடர்த்தி 1.4, ஆழம் 30 சென்டிமீட்டர்னா 16.8 டன். ஏக்கருக்கு 2.47 ஆல வகுத்தா 6.8 டன். அதாவது மரமே இல்லாத புஞ்சையிலயும் ஏக்கருக்கு ஏழு டன் கிட்ட கார்பன் ஏற்கனவே கிடக்கு.

அடர்த்திக்கு கரிசல்னா 1.3, செம்மண்ணுக்கு 1.4, மணல்னா 1.5, 1.6ன்னு போடலாம். சரியா வேணும்னா ரெண்டு பக்கமும் திறந்த ஒரு இரும்புக் குழாய் துண்ட மண்ணுல அடிச்சு எடுத்து, உள்ள இருக்குற மண்ண லேபுல 105 டிகிரியில காய வச்சு கிராம்ல எடை போட்டு, குழாயோட கொள்ளளவால (கன சென்டிமீட்டர்ல) வகுக்கணும். மாதிரி எடுக்கும்போது மரத்தடி ஒன்னு, நடு வயல் ஒன்னுன்னு ரெண்டு தனிப் பையா எடுங்க, மேல 15 சென்டிமீட்டர் ஒன்னு, அதுக்கு அடுத்த 15 ஒன்னு. ஒரு துண்டுக்கு பத்து பதினஞ்சு எடத்துல குழி போட்டு கலந்துக்கோங்க. எருக்குழி பக்கத்துலயும் வாய்க்கால் ஓரத்துலயும் எடுக்கவே கூடாது.

0.4 சதவீதம் 0.5 ஆச்சுன்னா ஏக்கருக்கு 1.7 டன் கார்பன் கூடும், கார்பன் டை ஆக்சைடுல ஆறு டன்னுக்கு மேல, நம்ம 90 சென்டிமீட்டர் தேக்கு எட்டுக்கு சமம். கேக்க சின்ன நம்பர், ஆனா நம்ம வெயிலுக்கு மண்ணுல அந்த 0.1 ஏத்துறதுக்குள்ள நாக்கு தள்ளிரும், பல வருஷ வேலை. கார் அறுவடை முடிஞ்சதும் கிடை மறிக்கிறது, தாசில்தார் அனுமதி வாங்கி குளத்து வண்டல் அடிக்கிறது, கழிச்ச தழைய எரிக்காம மூடாக்கு போடுறது, உழவ குறைக்கிறது, இதெல்லாம் சேர்ந்துதான் ஏறும். வண்டல் அடிச்சு ஏறுனத கார்பன் சேமிப்புன்னு சொல்ல முடியாது, குளத்துல கிடந்தது வயலுக்கு வந்திருக்கு அவ்வளவுதான். நிலத்துக்கு நல்லது, கணக்குல சேர்க்காதீங்க. மூணு வருஷத்துக்கு ஒருக்க பார்த்தா போதும், வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்தா லேப் வித்தியாசமே அந்த 0.1ஐ முழுங்கிரும்.

கழிக்க வேண்டியதையும் கழிக்கணும்

ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்ன வயல்ல போட்டா மண்ணுல இருந்து கிளம்புற நைட்ரஸ் ஆக்சைடு (அதுவும் பூமிய சூடாக்குற வாயுதான்) மட்டும் 80, 90 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம். கவாத்து பண்ணுன கிளைய கொளுத்துனா அத மரத்துக் கணக்குல இருந்து எடுத்துருங்க. வெட்டுன மரம் நிலைக்கும் கதவுக்கும் போச்சுன்னா கார்பன் வீட்டுக்குள்ள பல வருஷம் இருக்கும், செங்கச்சூளைக்கு போச்சுன்னா அன்னைக்கே முடிஞ்சது. சீமைக்கருவேல் இதனாலதான் கணக்குல பெருசா தெரிஞ்சும் நிக்காது, வெட்டி மூட்டம் போட்டு கரியாக்கி அடுப்புக்கு அனுப்பிருவோம்.

கூட்டணும்னா என்ன மரம் எங்க

நஞ்சை வரப்புல நெருக்கி நடாதீங்க, நெல்லுக்கு வெளிச்சம் வேணும். கிழமேலா போற வரப்புல வச்சா நிழல் பெரும்பாலும் மர வரிசைக்குள்ளயே விழும், நம்ம ஊர்ல சூரியன் தலைக்கு மேலயே போறதால இது நல்லா எடுபடும். பணகுடி, வள்ளியூர், காவல்கிணறு பக்கம் ஆனி, ஆடிக் காத்துக்கு வாழை சாயாம இருக்க மேல்புறம் சவுக்கும் பனையும் ரெண்டு வரிசை. மானாவாரிப் புஞ்சைக்கு வேம்பு, புங்கை, புளி, நாவல், நம்ம ஊரு உடை மரம், இதெல்லாம் தண்ணி கேக்காது. தோட்டத்துல தேக்கு, மகோகனி, வேங்கை, கூட மா, நெல்லி. ஒரே ஜாதிய வரிசையா நட்டா ஒரு பூச்சி வந்தா எல்லாம் போகும்.

குழிய ரெண்டடிக்கு ரெண்டடி புரட்டாசிக்குள்ள எடுத்து காய விட்டு, ஐப்பசி மழை இறங்குனதும் நடுங்க. கன்னு வேணும்னா உழவன் ஆப்புல பதிஞ்சா வேளாண்மைத் துறை மூலமா கிடைக்கும். முதல் ரெண்டு கோடையும் ஆடும்தான் எதிரி, வேலி முள்ளு வெட்டி சுத்தி வைக்காம நட்டா நட்டதே வீண்.

துட்டு விஷயம்

ஒரு கார்பன் கிரெடிட்டுன்னா ஒரு டன் கார்பன் டை ஆக்சைட பிடிச்சதுக்கான சீட்டு, புகை விடுற கம்பெனிக அத விலைக்கு வாங்கும். ஏக்கரச் சுத்தி வரப்புல 40 தேக்கு வச்சு எல்லாம் தப்பிப் பிழைச்சு 90 சென்டிமீட்டர் ஆச்சுன்னு வைங்க, 32 டன். 20 வருஷத்துக்கு வகுத்தா வருஷத்துக்கு ஒன்னரை கிரெடிட்டு சொச்சம். இதுல தீ, புயல்னு காப்புக்கு ஒரு பங்க பிடிச்சுக்குவாங்க, அளக்கவும் தணிக்கை பண்ணவும் வர்ற செலவு போகும், கம்பெனி கமிஷன் போகும். மிச்சம் நம்ம கைக்கு வர்றது மோட்டார் ரிப்பேருக்கு ஆகும். மரத்தோட விலை, புளி, மாங்காய், ஆட்டுக்குத் தழை, இதுதான் நிஜ வருமானம், கார்பன் மேல்வரும்படி.

இன்னொன்னு, ஏற்கனவே நிக்கிற மரத்துக்கு பொதுவா கிரெடிட் கிடையாது, புதுசா கூடுறதுக்குத்தான். அதுக்காக இருக்குறத வெட்டிட்டு நடலாம்னா அதுவும் நடக்காது, வெர்ரா மாதிரி கிரெடிட்டுக்கு சான்று குடுக்குற அமைப்போட விதியில இயற்கையான காட்டையோ புதரையோ அழிச்சு பத்து வருஷம் ஆகாத நிலத்த சேர்க்க மாட்டாங்க. மத்திய அரசு 2014-ல வேளாண் காடுகளுக்கு தேசியக் கொள்கை கொண்டு வந்துச்சு, 2023-ல கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்த அறிவிச்சது, அதனால ஆளுக இன்னும் நிறைய வருவாங்க.

வந்தா கையெழுத்துக்கு முன்னால இதையெல்லாம் கேளுங்க. ஒப்பந்தம் எத்தனை வருஷம், நடுவுல கல்யாணம் காட்சிக்கு ரெண்டு மரம் வெட்டுனா அபராதம் உண்டா, நிலத்த வித்தா வாங்குறவரு தலையில ஏறுமா, மரம் பட்டுப்போனா யாரு பொறுப்பு, துட்டு முதல் தடவ எந்த வருஷம் வரும், எத்தனை சதவீதம் நமக்கு, தமிழ்ல ஒப்பந்தம் தருவாங்களா. பட்டா அப்பா பேர்லயோ கூட்டாவோ கிடந்தா அண்ணன் தம்பி எல்லாரும் சேர்ந்து உக்காந்து பேசுன பிறகுதான் பேனாவ எடுக்கணும். முன்பணம் கட்டச் சொன்னா டீயக் குடுத்து அனுப்பிருங்க. பனை, சந்தனம், செம்மரம் மாதிரி மரங்கள வெட்ட தனி அனுமதி வேணும், நிலம் நம்மளதா இருந்தாலும் அதிகாரிகள கேக்காம கோடாரி வைக்க முடியாது, அதையும் சேர்த்தே நோட்டுல அந்தந்த மர நம்பருக்கு நேரா குறிச்சு வச்சுருங்க.